எரர் காயினா, அடிபட்ட காசா? புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓரம் கடித்தாற்போல, கோணலாக, ஒரு பக்கம் மொட்டையாக ஒரு காசு சில்லறையில் வந்து விழுந்தால் ‘எரர் காயின்’ (நாணயச்சாலையிலேயே தவறாக உருவான காசு) என்று மனம் துள்ளத்தான் செய்யும். துள்ளட்டும். ஆனால் அப்படிக் கிடைப்பதில் பெரும்பாலானது நாணயச்சாலையை விட்டு ஒழுங்காக வெளியே வந்து, அப்புறம் நம் கையில் சீரழிந்தது. இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: இந்தக் குறை நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும்? பதில் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு ஆராயுங்கள். முடியாவிட்டால் அது அடிபட்ட காசு. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதுதான்.

தேய்க்காதீர்கள்

காசு கிடைத்ததும் புளி போட்டு விளக்குவது, விபூதி வைத்துத் தேய்ப்பது, பாத்திரப் பொடி போடுவது எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. காசில் தேய்த்தால் பார்க்க வேண்டிய தடயமே போய்விடும். அழுக்கு அதிகம் என்றால் தண்ணீரில் நனைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். பிடிக்கும்போதும் ஓரத்தில் பிடியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த வகை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு. வாங்க மனமில்லை என்றால் தெரிந்த ஆசாரியின் பட்டறையில் நிறுத்துக்கொள்ளலாம். விட்டம் அளக்க வெர்னியர். ஒரு காந்தம். இவற்றைவிட முக்கியமானது, அதே மதிப்பில் அதே ஆண்டில் அடித்த நல்ல காசு ஒன்று. பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆளில்லாமல் எந்தக் காசையும் குறை சொல்லாதீர்கள்.

வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, காசை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எது மேடு, எது பள்ளம் என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இந்த மேடு பள்ளம்தான் பாதி வழக்கைத் தீர்க்கும்.

காசு உருவாகும் விதம்

நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். வில்லையின் ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். சூடாக்கி இளக்கி, கழுவி, அச்சு எந்திரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். ஒரே இடியில் உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறும். பக்கவாட்டில் பிதுங்க முடியாமல் வளையம் தடுக்கும். ஓரத்தில் பல்வரி இருந்தால் அது வளையத்திலிருந்து வருவது.

ஆகவே குறை நேரக்கூடிய இடம் மூன்று. வில்லையில் நேரலாம், அச்சில் நேரலாம், இடிக்கும் நொடியில் நேரலாம். இதில் எதிலும் அடங்காத குறை நாணயச்சாலைக்கு வெளியே வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள்ளும் உலோகம் ஏறும். காசில் அது மேடான கோடாகத் தெரியும். கீறல் எப்போதும் பள்ளம்தான், அதன் இரு கரையிலும் உலோகம் சற்று எழும்பி நிற்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே புதியவர் கொண்டுவரும் ‘அச்சு விரிசல்’ காசுகளில் நிறைய கழிந்துவிடும்.

தராசில் வையுங்கள்

1992 முதல் 2004 வரை வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ. விட்டம், 4.85 கிராம். அதே காலத்துப் பதினொரு பக்க இரண்டு ரூபாய் 26 மி.மீ., 6 கிராம். தடித்த பழைய ஐந்து ரூபாய் 23 மி.மீ., 9 கிராம். பத்து ரூபாய் இரட்டை உலோகக் காசு 27 மி.மீ., 7.71 கிராம். புழங்கித் தேய்ந்ததால் கொஞ்சம் குறையலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

2011-ல் வரிசை மாறியபோது 50 பைசா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் சிறுத்தன. புதிய ஒரு ரூபாய் 22 மி.மீ., 3.79 கிராம், பழைய எஃகு 50 பைசாவின் அளவு அதுவேதான். புதிய இரண்டு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம், பழைய ஒரு ரூபாயின் அளவு. இதைத் தெரியாமல் ‘ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அடித்துவிட்டார்கள்’ என்று விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

காந்தத்தையும் இங்கேயே வைத்துவிடுங்கள். இப்போது புழங்கும் எஃகுக் காசுகள் ஒட்டும். பதினொரு பக்க இரண்டு ரூபாயும் தடித்த ஐந்து ரூபாயும் செம்பு-நிக்கல் கலவை, ஒட்டாது. ஒட்ட வேண்டியது ஒட்டாமலோ ஒட்டக் கூடாதது ஒட்டியோ இருந்தால் அந்தக் காசைத் தனியே எடுத்து வையுங்கள். வேறு வில்லையில் அடித்ததா, கள்ளக்காசா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

தராசு தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. சுத்தியலால் நசுக்கிய காசின் எடை குறைவதில்லை. அச்சு நடுவில் படாமல் விலகி அடித்த உண்மையான எரர் காசின் எடையும் குறைவதில்லை. அரம் போட்டாலோ, அமிலத்தில் போட்டாலோ, வெட்டினாலோ குறையும். வில்லையே குறையோடு வந்திருந்தாலும் குறையும். அதனால் எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

நம் ஊரில் காசு படும் பாடு

எரர் வகைகளைப் படிப்பதற்கு முன் அடிபட்ட காசுகளைப் பழகுங்கள் என்பது என் கட்சி. அவை இலவசமாகக் கிடைக்கும், நிறையக் கிடைக்கும்.

முதலில் ரயில் ஏறிய காசு. தண்டவாளத்தில் துட்டு வைக்காத பையன் நம் ஊரில் குறைவு. பழைய காசு விற்கிற பெரியவர் ஒருவரிடம் இப்படி ஒன்றைக் கொண்டுபோய், “அண்ணாச்சி, ரெண்டு ரூவா அகலமா இருக்கு பாருங்க, எரர்தானே?” என்றால் தராசில்கூட வைக்க மாட்டார். “திருச்செந்தூர் வண்டி ஏறுனதுல்லா தம்பி இது” என்று திருப்பித் தந்துவிடுவார். அவருக்கு எப்படித் தெரிகிறது? எழுத்தைப் பார்க்கிறார். வளையம் இல்லாமல் அடித்து அகன்றுபோன உண்மையான எரர் காசில் எழுத்தும் சிங்கமும் தங்கள் அளவிலேயே, கூர்மையாக இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள ஓரம் மட்டும் வெளியே பரவியிருக்கும். ரயில் ஏறியதில் எழுத்தே இழுபட்டு நீண்டிருக்கும், அதுவும் சக்கரம் உருண்ட திசையில். காசு மெலிந்து, ஓரம் கத்தி முனையாகி, வட்டம் முட்டையாகியிருக்கும்.

அடுத்தது ஆற்றுக் காசு. குறுக்குத்துறையிலும் பாபநாசத்திலும் தாமிரபரணியில் போட்ட காசு மணலோடு உருண்டு, முகம் முழுக்க அம்மைத் தழும்பு விழுந்து கிடக்கும். எழுத்து மங்கியிருப்பதைப் பார்த்து ‘எண்ணெய் அடைத்த அச்சு’ என்று நினைத்துவிடுவார்கள். அரிப்பு காசு முழுவதையும், ஓரத்தையும் சேர்த்தே தின்னும். அச்சில் மசகு அடைத்தால் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ மட்டும் மழுங்கும். பக்கத்தில் இருப்பது தெளிவாகவே நிற்கும். பழைய அலுமினியக் காசுகள், பல்லுப் பல்லாக இருக்கும் 10 பைசா, சதுர 5 பைசா எல்லாம் தண்ணீரில் சீக்கிரம் கெடும். மிருதுவான உலோகம் என்பதால் நசுக்குவதும் வெட்டுவதும் எளிது. அலுமினியக் காசில் குறை கண்டால் எஃகில் காண்பதைவிட இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

நெருப்பில் கிடந்த எஃகுக் காசு பொன்னிறமாக, ஊதாவாக, நீலமாக மாறும். யாக குண்டத்தில் விழுந்ததாக இருக்கலாம், சுடுகாட்டில் நெற்றிக்காசாகப் போனதாகவும் இருக்கலாம். நிறம் மட்டும் மாறி, அளவும் எடையும் எழுத்தும் சரியாக இருந்தால் அது எரர் இல்லை. கவரிங் முலாம் போட்ட காசும் அப்படித்தான். புழங்கித் தேய்ந்த மேட்டில், எழுத்தின் முதுகில், உள்ளே இருக்கும் வெள்ளை தலைகாட்டும்.

அமிலத்தில் போட்ட காசு எடை குறைந்து, விட்டமும் சற்றுச் சுருங்கி, எழுத்தெல்லாம் ஒன்றுபோல மெலிந்து நிற்கும். இதைத்தான் ‘மெல்லிய வில்லை எரர்’ என்று விற்பார்கள். உண்மையில் மெல்லிய தகட்டில் அடித்ததென்றால் விட்டம் குறையாது, வளையம் பார்த்துக்கொள்ளும். உலோகம் போதாததால் அச்சின் ஆழமான இடங்கள் மட்டும் நிரம்பாமல் போயிருக்கும்.

துளை போட்ட காசு பற்றி ஒரு வரி. குழந்தையின் அரைஞாணிலும் மாட்டின் கழுத்திலும் கோத்தவை அவை. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா மட்டும் வேறு. அந்த ஓட்டை அரசாங்கமே போட்டது.

கடி விழுந்த காசு

வில்லையில் நேரும் எரர்களில் புதியவர் கைக்கு அதிகம் வருவது இதுதான், போலியும் அதிகம் வருவது இதில்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாவைத் தேய்த்து டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளரைப் பாதி வைத்துவிட்டால் அடுத்த வட்டத்தில் பிறை அளவு குறையும். தகடு சரியாக நகராமல் போனால் நாணயச்சாலையிலும் அதுவேதான் நடக்கிறது. அதனால் உண்மையான கடியின் வளைவு அதே மதிப்புள்ள காசின் வட்டத்தோடு ஒத்துப்போகும். நல்ல காசை எடுத்து அந்தக் கடிக்குள் பொருத்திப் பாருங்கள். தகட்டின் முனையில் வெட்டியிருந்தால் கடி நேர்கோடாக இருக்கும்.

இப்போது லென்ஸை எடுங்கள். கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லைக்கு விளிம்பு எழுப்பும் எந்திரம் இரு பக்கமும் அழுத்தித்தான் வேலை செய்யும். ஒரு பக்கம் உலோகமே இல்லையென்றால் எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் விழாது. ஆகவே உண்மையான கடிக்கு எதிரே விளிம்பு மெலிந்து, சில சமயம் காணாமலே போயிருக்கும். எல்லாக் காசிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் மிக நல்ல சாட்சி.

அப்புறம் கடியின் ஓரத்து எழுத்துகள். கடி முதலில் விழுந்து, அச்சு பிறகு இடித்திருக்கிறது. இடியின்போது உலோகம் அந்தக் காலி இடத்தை நோக்கி நகர்ந்திருக்கும். அங்கே எழுத்து கடியை நெருங்க நெருங்கச் சரிந்து, மெலிந்து, கரைந்துபோகும். அரமோ கத்தரியோ போட்ட காசில் எழுத்து கடைசிவரை முழு உயரத்தில் நின்று, வெட்டப்பட்ட இடத்தில் சட்டென்று முடியும். வெட்டுமுகத்தில் அரத்தின் கோடுகள் தெரியும், விரலை வைத்தால் பிசிறு உறுத்தும். எதிர் விளிம்பும் முழுசாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், பட்டறை வேலை.

நடு விலகியதும் கண்ணாடிப் பிம்பமும்

நடு விலகி அடித்த காசில் அச்சு படாத பகுதி வெறும் வில்லையாக, எழுத்தின் நிழல்கூட இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே ஓர் எழுத்தின் மிச்சம் தெரிந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். விலகல் அதிகமாகவும் ஆண்டு முழுசாகத் தெரிவதாகவும் இருந்தால் சேர்ப்பவர்கள் விரும்புவார்கள். லேசாக விலகியதற்கு முகமதிப்புதான்.

கையால் அடித்த பழங்காசுகளுக்கு இந்த விதி பொருந்தாது. ஆற்று மணலில் கிடைக்கும் பாண்டியர் காலச் செப்புக்காசைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஆஃப் சென்டர்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்தக் காலத்தில் நடு விலகாமல் விழுந்தால்தான் அதிசயம்.

பிராக்கேஜ் என்பது அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் வில்லையில் தானே அச்சாகப் பதிவது. ஒரு பக்கம் ஒழுங்காக இருக்கும். மறுபக்கம் அதே உருவம் பள்ளமாக, இடவலம் மாறி இருக்கும். பார்க்க அழகானது, விலையும் உண்டு, அதனால் போலியும் உண்டு. இரண்டு காசுகளை முதுகோடு முதுகாக வைத்து ஆசாரிப் பட்டறை இடுக்கியில் நெருக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதில் பள்ளமாகப் பதியும். வித்தியாசம் இதுதான்: போலியில் பழைய எழுத்து அடியில் நசுங்கிக் கிடக்கும், அதன் மேல் புதுப் பள்ளம் அரைகுறையாக விழுந்திருக்கும். உண்மையானதில் அடியில் பழைய எழுத்து எதுவும் கிடக்காது, பிம்பம் ஆழமாக இருக்கும்.

தலைகீழ், இரட்டிப்பு, காணாமல் போன புள்ளி

நம் காசுகளில் சிங்கத் தலையை நிமிர்த்திப் பிடித்து இடமிருந்து வலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது. பத்துப் பதினைந்து பாகைச் சாய்வுக்கு மதிப்பில்லை. கால் சுற்று, அரைச் சுற்று என்றால் எடுத்து வையுங்கள். அமெரிக்கக் காசுகள் இயல்பாகவே தலைகீழாக இருக்கும், அந்த நாட்டு வழக்கம் அது. இரு பக்கமும் ஒரே முகம் கொண்ட காசு கிடைத்தால் பெரும்பாலும் மேஜிக்காரர் சாமான். இரண்டு காசுகளைக் குடைந்து பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உள்பக்கம் மயிரிழைப் பொருத்து தெரியும், மேசையில் போட்டால் சத்தம் சப்பென்று இருக்கும்.

எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் இரண்டாவது உருவம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தட்டையாக, படிக்கட்டுப் படி வைத்தாற்போல இருந்தால் இடித்த பின் அச்சு ஆடியதால் வந்தது. நாணயச்சாலையில் நேர்ந்ததுதான், ஆனால் சாதாரணம். இரண்டும் தனித்தனியாக உருண்டு திரண்டு, எழுத்து முனை பிளந்து நின்றால் அச்சே இரட்டையாக உருவானது. அது அபூர்வம்.

‘மின்ட் மார்க்’, அதாவது எந்த நாணயச்சாலை என்று காட்டும் குறி, ‘விட்டுப்போன எரர்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், உருண்டைப் புள்ளி என்றால் நொய்டா. கொல்கத்தாவில் அடித்த காசில் குறியே இருக்காது. வேறு ஏதாவது குறி தெரிந்தாலும் பதற வேண்டாம், வெளிநாட்டில் அடித்து வாங்கிய ஆண்டுகளும் உண்டு.

பத்து ரூபாயில் நடு வில்லை இல்லாத வளையம் கொண்டுவந்தால் உள் ஓரத்தைப் பாருங்கள். நடு வில்லை இல்லாமலே அடித்திருந்தால் தடுக்க ஏதும் இல்லாத உலோகம் உள்பக்கமாகப் பிதுங்கி, ஓரம் உருண்டிருக்கும். பிறகு தட்டி எடுத்ததென்றால் உள்சுவர் நேராக, வில்லை பிடித்திருந்த தடத்தோடு இருக்கும்.

வாங்கும் முன், விற்கும் முன்

எரர் காசு என்று விலை கேட்டால் எடை, விட்டம், இரு பக்கப் படம், ஓரத்துப் படம் நான்கையும் கேளுங்கள். ஓரத்துப் படம் தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நாணயக் கண்காட்சிகளில் நேரில் கையில் வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் வாங்குவதைவிடப் பார்ப்பதற்கே போங்கள். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம், 7 ஆண்டு வரை சிறை உண்டு.

உங்கள் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள், தான் இந்த வியாபாரத்தில் இல்லை, யாருக்கும் அதிகாரமும் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே அறிவித்திருக்கிறது. வாங்குகிறவர் உங்களிடம் முன்பணம் கேட்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது காசு இல்லை.